இருபத்தொன்பதாவது வரி

பிப்ரவரி 3

அண்ணிக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். நீங்கள் சௌக்கியமா என்று கேட்கப்போவதில்லை. பஸ் நிலையத்தில் அத்தனை பேர் நடுவில் என்னைத் திட்டிய குரலைக் கேட்ட யாரும் உங்கள் உடம்பைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பீர்கள். நான் ஆர்டர் பிடிக்க வெளியூர் போகும்போதெல்லாம், லோன் பேச்சு வந்தவுடன் நம்மில் ஒருவர் போனை வைத்துவிடுகிறோம். போன மாதம் நான் மூன்று தடவை, நீங்கள் நான்கு தடவை. கடிதத்தைப் பாதியில் மூடி வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும். வாராவாரம் சாம்பிள் பெட்டிகளோடு நம் கூரியர் இந்த ஊருக்கு வருகிறது. பதிலை அதிலேயே போட்டுவிடுங்கள்.

உங்கள் நிபந்தனையை இங்கே எழுதி வைக்கிறேன், பிறகு பேச்சு மாறக்கூடாது. "மூணு மாசம் ஒழுங்கா படி. படிச்சதுக்கப்புறமும் ரெண்டாவது மெஷின் வேணும்னு கணக்கு சொல்லுச்சுன்னா, வீட்டுப் பத்திரத்தை பேங்க்ல வைக்க நான் கையெழுத்துப் போடறேன்." இதுதான் நீங்கள் சொன்னது. அட்டைப்பெட்டிக் கம்பெனியில் எனக்குப் பாதி, உங்களுக்குப் பாதி. வீட்டிலும் அப்படித்தான். ஒரே ஒரு கையெழுத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? வங்கிக்காரர் இந்த வட்டிக்கு ஏப்ரல் 30 வரைதான் காத்திருப்பார்.

நிதி நிர்வாகப் பயிற்சி வகுப்பு மூன்றாவது மாடியில். கீழே கண்ணாடி அறுக்கும் கடை. பாடம் நடக்கும்போது அங்கிருந்து கீச்சென்று சத்தம் வந்தால் பதினெட்டு பேரும் பல்லைக் கடித்துக்கொள்கிறோம். எல்லோரும் ஏதாவது ஒரு கம்பெனியின் பணத்தைப் பார்த்துக்கொள்கிறவர்கள். என் அறைத்தோழி ஒரு ஆஸ்பத்திரியின் கணக்காளர். பாடம் நடத்துகிறவருக்குக் கத்தரி மேடம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரியாத எண்களையெல்லாம் சிவப்புப் பேனாவால் வெட்டிவிடுகிறார். உங்களுக்கு அவரைப் பிடிக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார், நீங்கள் வைத்த பெயரில் சொன்னால் மந்திரி

*

பிப்ரவரி 11

மந்திரியம்மாவுக்கு,

திட்டியது உண்மைதான். டிக்கெட் வரிசையில் நின்றுகொண்டு, "உங்களுக்கு இந்தக் கம்பெனி வளரணும்னு ஆசையே இல்ல அண்ணி, பயம்தான் இருக்கு" என்றாய். அதற்கு வேறு எந்தக் குரலில் பதில் சொல்வது?

நான் வேண்டாம் என்றால் அது பயம், நீ வேண்டும் என்றால் அது துணிச்சல். இரண்டுக்கும் நடுவில் கணக்கு என்று ஒன்று இருக்குமே, அதைத்தான் படித்துவிட்டு வரச் சொன்னேன். பயிற்சிக்குக் கட்டிய பணம் வீண் போகாமல் பார்த்துக்கொள்.

இங்கே செய்தி. ஒட்டும் மெஷினின் பெல்ட் இரண்டு தடவை வழுக்கியது. சாக்பீஸ் தூளைத் தூவினேன், ஓடுகிறது. நான்கு நாளாக மழை. அட்டை நமத்துப்போய்விட்டது. செருப்புக் கம்பெனியிடம் பேசி லோடை ஒரு நாள் தள்ளிப்போட்டேன். பல்புக்காரர் வழக்கம்போல முந்நூறு பெட்டி ஆர்டர் கொடுத்துவிட்டு, மூவாயிரம் பெட்டிக்கான அதிகாரத்தோடு பேசினார். பசை கலக்குகிறவர் மூன்று நாள் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தார், காரணம் போடவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன். காரணம் எழுதாத லீவு இங்கே செல்லாது என்று அவருக்குத் தெரியும். மத்தியானம் "மச்சான் கல்யாணம்" என்று எழுதிக்கொண்டு வந்தார். அந்த மச்சானுக்குப் போன வருஷமும் கல்யாணம் நடந்தது. சரி என்று கொடுத்துவிட்டேன்.

கத்தரி மேடம் எங்கே படித்தவர் என்று கேட்டு எழுது. நான் எங்கேயும் படிக்கவில்லை. இந்த மேஜைக்கு வந்ததே பத்து நாளுக்குத்தான். உன் அண்ணன் தவறிப்போனபோது, கணக்குப் பார்க்க ஆள் கிடைக்கும்வரை பத்து நாள் பார்த்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்தேன். பதினோரு வருஷமாக ஆள் கிடைக்கவில்லை.

அண்ணி

*

பிப்ரவரி 26

அண்ணிக்கு,

மூன்று வாரப் பாடத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். ஐந்து வருஷம் கழித்து வரப்போகிற ஒரு லட்சத்தை இன்றைக்கு ஒரு லட்சம் என்று எண்ணக்கூடாது. காத்திருப்பதற்கும், வராமலே போகலாம் என்கிற பயத்துக்கும் சேர்த்துக் குறைத்துத்தான் மதிப்புப் போட வேண்டும். ஒரு மெஷின் வருஷாவருஷம் கொண்டுவரும் பணத்தை இப்படி இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டி, இன்றைக்குக் கொடுக்கும் விலையோடு வைத்துப் பார்க்கிறோம். மிஞ்சினால் வாங்கலாம். பல்புக்காரர் "அடுத்த மாசம் கண்டிப்பா பணம் வந்துரும்" என்று சொல்லும்போது உங்கள் முகம் ஒரு மாதிரி ஆகுமே, அதற்கு இங்கே ஒரு சூத்திரமே வைத்திருக்கிறார்கள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். ஒவ்வொருவரும் ஒரு நிஜக் கம்பெனியை எடுத்து, அடுத்த ஐந்து வருஷத்துக்கு அது என்ன செய்யலாம் என்று கணக்குப் போட்டு எல்லோர் முன்னாலும் நிரூபிக்க வேண்டும். நான் நம் கம்பெனியை எடுத்திருக்கிறேன். நம் லோனுக்கும் இதே தாள்தான். கத்தரி மேடம் வெட்டாமல் விட்டதை நீங்கள் வெட்டமாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஐந்து வருஷ வரவுசெலவு, காகிதம் வாங்கிய பில்கள், சம்பளப் பட்டியல் மூன்றும் வேண்டும்.

மந்திரி

*

மார்ச் 5

மந்திரிக்கு,

கேட்டதெல்லாம் இந்தப் பெட்டியில் இருக்கிறது. நகல் எடுக்க அரை நாள் ஆயிற்று. கடைக்காரர் "ஏதாவது கேஸா?" என்று கேட்டார். நாத்தனார் படிக்கிறாள் என்றேன். அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

சம்பளப் பட்டியலில் இருபத்தெட்டு வரி. இருபத்தேழாவது நீ, இருபத்தெட்டாவது லோடு வண்டி ஓட்டுகிறவர். எல்லாப் பட்டியலிலும் கடைசியில் ஒரு வரி காலியாக இருக்கும். அது என் பழக்கம், அதைப் பார்த்துக் குழம்பாதே.

லாபம் என்று வந்ததெல்லாம் காகித ஸ்டாக்கிலும் கூரை மாற்றியதிலும் போயிருக்கிறது. பில் இருக்கிறது. உனக்கோ எனக்கோ லாபத்தில் இருந்து ஒரு காசு எடுத்ததில்லை. இதை மேடத்திடம் சொல். குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை.

அண்ணி

*

மார்ச் 17

அண்ணிக்கு,

தாள் முடிந்தது. உங்களுக்குத்தான் முதலில் அனுப்புகிறேன். கத்தரி மேடம் அடுத்த வாரக் கடைசியில்தான் பார்க்கிறார்.

எல்லாச் செலவும் போக வருஷத்துக்கு ஏழு லட்சத்து எண்பதாயிரம் மிஞ்சுகிறது. நம் அளவுக் கம்பெனிகளில் இது நல்ல லாபம். வகுப்பில் உள்ள ஜவுளிக்காரர் "எப்படிங்க இவ்வளவு கம்மி செலவுல ஓட்டறீங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டாவது மெஷின் வந்தால், தவணை கட்டிய பிறகும் மூன்றாவது வருஷத்திலிருந்து மிஞ்சும். மழைக்காலத்தில் வேலை குறைவதைச் சேர்த்திருக்கிறேன். காகித விலை ஏறினால் என்ன ஆகும் என்றும் பார்த்திருக்கிறேன். பல்புக்காரர் பணமே கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று தனியாக ஒரு பக்கம் இருக்கிறது.

வங்கிப் படிவத்தையும் வைத்திருக்கிறேன். அவசரம் இல்லை. தாளை நன்றாகப் படித்துப் பாருங்கள். தப்பு இருந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள்.

மந்திரி

*

மார்ச் 24

மந்திரிக்கு,

நாலு நாள் உன் தாளோடு உட்கார்ந்தேன். கூட்டலில் தப்பு இல்லை. நீ போட்டிருக்கும் பேப்பர் விலை நான் வாங்கும் விலைதான். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் எங்கே இடிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. சொல்லத் தெரியாததை வைத்துக்கொண்டு உன்னைத் தடுக்கக்கூடாது.

படிவத்தின் நாலாவது பக்கத்தில், வீட்டில் வரும் வாடகை இனிமேல் நேரே கடன் கணக்கில் சேரும் என்று போட்டிருக்கிறது. படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அண்ணி

*

ஏப்ரல் 2

அண்ணிக்கு,

நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். வங்கிக்குப் போகவில்லை. ஐந்து நாள் என் பையிலேயே இருந்தது. ஏன் என்று சொல்கிறேன், கடைசிவரை படியுங்கள்.

வெள்ளிக்கிழமை என் தாளைத் திரையில் போட்டார்கள். முதல் பத்து நிமிஷம் கத்தரி மேடம் பேனாவைத் திறக்கவே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு சம்பளப் பட்டியலுக்கு வந்தார்.

"காகிதம் வாங்கறது யாரு?"

"எங்க அண்ணி."

"கணக்கு எழுதறது?"

"அதுவும் அண்ணிதான்."

"லோடு அனுப்பறது, ஆளுங்களுக்கு லீவு கொடுக்கறது, கஸ்டமர்கிட்ட சண்டை போடறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே அண்ணி என்றேன்.

"இந்த இருபத்தெட்டுல அவங்க எத்தனையாவது வரி?"

"அவங்க வீட்டு ஆளு மேடம். பார்ட்னர். சம்பளம் எடுக்கறதில்ல."

"நீங்களும் பார்ட்னர்தானே. இருபத்தேழாவது வரியில இருக்கீங்களே."

கீழே கண்ணாடிக் கடையில் கீச்சென்று ஒரு சத்தம். அந்தத் தடவை யாரும் பல்லைக் கடிக்கவில்லை, எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு அவங்க வரலைன்னா அந்த வேலைக்கு ஆள் வைக்க எவ்வளவு ஆகும்? அதைப் போட்டு எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, அந்த ஏழு லட்சத்து எண்பதாயிரத்தைச் சிவப்பில் வெட்டினார்.

அறைக்கு வந்து போட்டேன். நீங்கள் பார்க்கும் வேலைக்குக் குறைந்தது மாதம் எண்பதாயிரம் கேட்பார்கள். வருஷத்துக்கு ஒன்பது லட்சத்து அறுபதாயிரம். அப்படியென்றால் நம் கம்பெனி லாபத்தில் ஓடவில்லை, வருஷத்துக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் நஷ்டத்தில் ஓடுகிறது. உங்களுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டு லோனும் எடுத்தால் இரண்டாவது வருஷமே தவணை கட்ட முடியாமல் வீடு போய்விடும். நான் நல்ல லாபம் என்று உங்களிடம் காட்டியது உங்கள் சம்பளத்தைத்தான். அறைத்தோழியிடம் சொன்னேன். "எங்க ஆஸ்பத்திரில துடைப்பத்துக்குக்கூட ஒரு வரி இருக்கு" என்றார்.

இதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகும் திங்கட்கிழமை நான் படிவத்தை எடுத்துக்கொண்டு கூரியர் அலுவலகத்துக்குப் போனேன். வங்கியில் யாரும் இதைக் கேட்கப்போவதில்லை. அண்ணி இத்தனை வருஷம் பார்த்தார்கள், இன்னும் ஐந்து வருஷம் பார்க்கமாட்டார்களா என்று நினைத்தேன். முகவரி எழுதும்போதுதான் நாலாவது பக்கம் ஞாபகம் வந்தது. வாடகை. சம்பளம் இல்லை, லாபமும் எடுப்பதில்லை, பிறகு நீங்கள் எதை வைத்துச் சாப்பிடுகிறீர்கள்? மாடிக்காரர் ஐந்தாம் தேதி வாடகை கொடுப்பதும், ஆறாம் தேதி நீங்கள் மளிகைக்கும் மருந்துக்கடைக்கும் போவதும் என் கண்ணெதிரில்தான் நடந்துகொண்டிருந்தது. அந்த வாடகையில் என் பாதியைக் கேட்காமல் இருப்பதை என் பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதையும் விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது அண்ணி. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மந்திரி

*

ஏப்ரல் 8

மந்திரிக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்ததும் ஃபோர்மேன் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், டீ சொல்லட்டுமா என்று கேட்க வந்தவர்.

மூன்று வருஷமாக, மாதக் கடைசியில் உன் சம்பளச் சீட்டை எழுதி உன் மேஜையில் வைக்கிறேன். "தேங்க்ஸ் அண்ணி" என்பாய். அந்த முப்பத்தாறு தடவையில் ஒரு தடவை, "உங்களுது எங்க அண்ணி?" என்று கேட்டிருக்கலாம். யாரோ ஒரு மேடம் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கு நான் பயிற்சிப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது.

இதுவரை நேற்று எழுதியது. கூரியர்காரர் வரவில்லை, அதனால் மிச்சத்தை இன்று எழுதுகிறேன்.

காலையில் பழைய பட்டியல்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். நூற்று முப்பத்துச் சொச்சம் மாதம். எல்லாம் என் கையெழுத்து. என்னை யாரும் விட்டுவிடவில்லை, நானேதான் விட்டிருக்கிறேன். கணக்குப் பார்க்க ஆள் வந்துவிடுவார், அவரை எழுதிக்கொள்ளலாம் என்று முதல் மாதம் கடைசி வரியைக் காலியாக விட்டேன். அப்படியே விட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். அந்த ஆள் முதல் நாளிலிருந்தே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், எனக்குத் தோன்றவில்லை. தாளில் எங்கே இடிக்கிறது என்று நாலு நாள் தேடினேனே, எனக்கே தெரியாத போது உன்னை என்ன சொல்ல?

பயம் என்று சொன்னாய். பயம்தான். அந்த வாடகையை விட்டால் எனக்கென்று கையில் வருவது ஒன்றும் கிடையாது. அதை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் கேட்டு வாங்குகிற மாதிரி ஆகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

பதினோரு வருஷத்துப் பாக்கி என்று ஏதாவது கணக்குப் போட்டு அனுப்பினாயோ, அந்தத் தாளைப் பசை டிரம்மில் போட்டுவிடுவேன். உருப்படியாக ஏதாவது சொல். படிக்கத்தானே போனாய்.

அண்ணி

*

ஏப்ரல் 15

அண்ணிக்கு,

பாக்கி பற்றி எழுதவில்லை. பசை வீணாக வேண்டாம்.

லோன் வேண்டாம் என்று வங்கிக்கு எழுதிவிட்டேன். புதுத் தாளை இத்துடன் அனுப்புகிறேன். முதல் செலவாக உங்கள் சம்பளம் இருக்கிறது, மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த மாதத்திலிருந்து ஐம்பதாயிரம். அடுத்த வருஷம் அறுபத்தைந்து, அதற்கடுத்து எண்பது. உடனே எண்பது கொடுக்கக் கம்பெனியால் முடியாது. அதை எழுதும்போது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

இதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். மெஷின் இப்போது மத்தியானம் மூன்று மணிக்கு நின்றுவிடுகிறது. இன்னும் நான்கு பேரை வைத்து ஏழு மணிவரை ஓட்டினால், இரண்டாவது மெஷினில் நான் எதிர்பார்த்த வேலையில் பாதி கடன் இல்லாமலே நடக்கும். மருந்துக் கம்பெனி அந்த அளவுக்கு ஆர்டர் தரத் தயார், பேசிவிட்டேன். இன்னொன்று பல்புக்காரர். அவருடைய முந்நூறு பெட்டிக்காக மெஷினை நிறுத்தி அளவு மாற்ற நமக்கு ஒன்றரை மணி நேரம் போகிறது. ஒவ்வொரு ஆர்டரிலும் நஷ்டம். இனி ஆயிரம் பெட்டிக்குக் குறைவாக ஆர்டர் எடுப்பதில்லை, விலையும் கொஞ்சம் ஏற வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் போகட்டும். அவரிடம் நீங்கள்தான் பேச வேண்டும். எனக்கு அவரைக் கண்டால் சிரிப்பு வந்துவிடும்.

இந்தத் தாளையும் கத்தரி மேடம் பார்த்தார். காகித விலையில் ஒரு இடத்தில் வெட்டினார். உங்கள் வரியைத் தொடவில்லை. 26ஆம் தேதி சாயங்கால பஸ்ஸில் வருகிறேன்.

மந்திரி

*

ஏப்ரல் 22

மந்திரியம்மாவுக்கு,

பல்புக்காரரிடம் பேசினேன். "பத்து வருஷப் பழக்கம்மா" என்றார். "பழக்கத்துக்குப் பெட்டி செய்ய முடியாதுங்க" என்றேன். இரண்டு நாள் சத்தம் போட்டுவிட்டு ஆயிரம் பெட்டிக்கு ஆர்டர் அனுப்பியிருக்கிறார். புது விலைக்குத்தான்.

ஐம்பதாயிரத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லோடு அனுப்பும் வேலையை நீ கணக்கில் சேர்க்கவில்லை. அடுத்த வருஷம் அறுபத்தைந்து போதாது, எழுபது. நீ வந்ததும் பேசலாம்.

ஏப்ரல் பட்டியலை எழுதிவிட்டேன். இருபத்தெட்டு வரியும் கை தன் பாட்டுக்கு ஓடியது. அடுத்த வரியில் பதவி என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஃபோர்மேன் எட்டிப் பார்த்து, "மேலாளர்னு போடுங்கம்மா, நாங்க அப்படித்தான் சொல்லிட்டிருக்கோம்" என்றார். போட்டுவிட்டேன். எழுதியதும் அழுகை வந்தது. ஃபோர்மேன் பக்கத்தில் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

இதனுடன் இன்னொரு தாள் இருக்கிறது. அதை முறைப்படி பார்க்கவும்.

அண்ணி

*

ஏப்ரல் 22

அனுப்புநர்: மேலாளர், பட்டியல் வரி எண் 29

பெறுநர்: பங்குதாரர், பட்டியல் வரி எண் 27

பொருள்: விடுப்பு வேண்டி

மதிப்பிற்குரிய அம்மா,

பதினோரு வருஷங்களுக்கு முன், பத்து நாள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி இந்தக் கம்பெனிக்கு வந்தேன். அந்தப் பத்து நாள் முடிந்துவிட்டதாகத் தெரிகிறது. ஆகவே மே 2 முதல் 11 வரை எனக்குப் பத்து நாள் விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த நாட்களில் என் நாற்காலியில் தாங்கள் உட்கார வேண்டியிருக்கும். பெல்ட் வழுக்கினால் சாக்பீஸ் தூள் மேஜையின் இடது இழுப்பறையில் இருக்கிறது. பசை கலக்குகிறவரின் மச்சானுக்கு இந்த வருஷம் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, எச்சரிக்கையாக இருக்கவும்.

காரணம்: ஒன்றும் இல்லை. காரணம் எழுதாத விடுப்பு செல்லாது என்ற விதியைப் போட்டவள் நான்தான். இந்த ஒரு முறை அதைத் தளர்த்திக் கையெழுத்திடவும்.

விடுப்பைச் சம்பளத்துடன் கூடியதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவும்.